முன்னுக்கு நாலு, பின்னுக்கு நாலு

எங்கள் ஜீப்பில் கியர் கம்பிக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டைக் கம்பி இருந்தது. அதன் தலையில் இருந்த கறுப்பு உருண்டை, என் கணவர் தடவித் தடவியே பளபளத்துப் போயிருந்தது. புதிதாக யார் ஏறினாலும் வண்டி கிளம்புவதற்கு முன்னால் அந்தக் கம்பியைப் பற்றி ஒரு சொற்பொழிவு உண்டு.

“சும்மா தார் ரோட்டுல போறப்ப பின்னாடி ரெண்டு சக்கரந்தான் வண்டியத் தள்ளும். முன்னாடி ரெண்டும் சும்மா உருண்டுக்கிட்டு வரும். இதை இப்பிடித் தள்ளுனோம்னு வைங்க, எஞ்சின் பலம் முன்னாடிக்கும் பிரிஞ்சு போகும். நாலும் சேந்து இழுக்கும். எம்புட்டுச் சேறா இருந்தாலும் பிச்சுக்கிட்டு வந்துரும்.”

கல்யாணமான மூன்றாம் நாள், மறுவீட்டுக்காகத் திருப்பரங்குன்றத்தில் இருந்த என் பிறந்த வீட்டுக்குப் போகும் வழியில் எனக்கு இந்தச் சொற்பொழிவு நடந்தது. புதுப்பெண் என்பதால் வாயை மூடிக்கொண்டு கேட்டேன். அதற்குப் பிறகு எதையும் நான் வாயை மூடிக்கொண்டு கேட்டதில்லை. வீட்டுக்குப் போனதும் என் அப்பாவுக்கும் அதே பாடம் நடந்தது. அப்பா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப டீசலும் நாலு வாயால குடிக்குமே மாப்பிள்ளை?” என்றார். இவர் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு முழுதாக வரவில்லை.

இப்போது வருகிற வண்டிகளில் எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு பலம் என்பதை வண்டியே பார்த்துப் பிரித்துக் கொடுத்துவிடுகிறதாம். எங்கள் ஜீப்புக்கு அந்த அறிவெல்லாம் கிடையாது. மனிதர் கையால் தள்ளினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ராணுவத்தில் கழித்துப்போட்டதை ஏலத்தில் எடுத்து, யார் யாரிடமோ இருந்து, கடைசியில் இவரிடம் வந்து சேர்ந்த வண்டி அது. சோழவந்தான் பக்கம் எங்களுக்குக் கொடிக்கால் இருந்தது. வெற்றிலைத் தோட்டத்தை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். தோட்டத்தை ஒட்டியே வீடு. வீட்டிலிருந்து தார் ரோட்டுக்கு இரண்டு மைல் மண் பாதை, ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வயலும் கொடிக்காலும். வெயில் காலத்தில் சிமெண்டுத் தரை போல் கிடக்கும் அந்தக் களிமண், ஐப்பசி பிறந்தால் அல்வாவாகிவிடும். அதனால்தான் அந்தக் குட்டைக் கம்பிக்கு அவ்வளவு மரியாதை.

நான் கணக்கில் பட்டம் வாங்கி, பி.எட்.டும் முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் கல்யாணம் செய்துகொண்டவள். பதிவைப் புதுப்பித்ததைத் தவிர அந்த வேலைக்காக நான் வேறு எதுவும் செய்யவில்லை. வருடங்கள் ஓடின. மகள் பிறந்தாள், பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள். கூடைக்கு எத்தனை வெற்றிலை என்று எண்ணுவதற்குத்தான் என் கணக்குப் பட்டம் பயன்பட்டது. தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு ஐப்பசி மாதம், எல்லா நம்பிக்கையையும் மூட்டை கட்டி வைத்த பிறகு, அழைப்பு வந்தது. ஆசிரியர் பணிக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு. இன்ன தேதி, காலை பதினோரு மணிக்குள் மதுரையில் கல்வி அலுவலகத்துக்கு வர வேண்டும். வராதவர்களின் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும்.

எங்கள் பக்கத்துத் தபால்காரர் மழைக்காலத்தில் வீட்டுக்கெல்லாம் வரமாட்டார். தார் ரோட்டு முனையிலுள்ள டீக்கடையில் கடிதங்களைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அன்று மட்டும் சைக்கிளை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் நடந்து வந்து என் கையில் கொடுத்தார். அரசாங்கக் கடிதம் என்பதால் அவ்வளவு பொறுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

படித்ததும் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. படித்ததெல்லாம் மறந்து எத்தனை வருஷம்! ஐம்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்க, கரும்பலகையில் ஏதாவது ஒன்றைத் தப்பாகப் போட்டுவிட்டுத் திருதிருவென்று விழிப்பது போல் கண்முன் வந்தது. கிடைக்காமல் போய்விடுமோ என்று எல்லாரும் பயப்படுவார்கள். எனக்குக் கிடைத்துவிடுமோ என்று பயம். கடிதத்தை அரிசிப் பானைக்குள் போட்டு மூடினேன். இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் ஊருக்கே தெரிந்துவிடும், பிறகு போகாமல் இருக்க முடியாது. மூன்று நாள் அந்தப் பானையிலிருந்துதான் அரிசி எடுத்துப் பொங்கினேன். ஒவ்வொரு வேளையும் கடிதம் கையில் தட்டுப்பட்டது.

நாலாம் நாள் சாயங்காலம், விடிந்தால் சரிபார்ப்பு என்ற நிலையில், மகள் வீட்டுப்பாடக் கணக்கை எடுத்துக்கொண்டு வந்தாள். தொட்டியில் ஒரு குழாய் நிரப்பும், இன்னொரு குழாய் காலி செய்யும் என்கிற வகைக் கணக்கு. உலை கொதிப்பதற்குள் போட்டுக் காட்டிவிட்டேன். “எங்க டீச்சரை விட நீ நல்லாச் சொல்லித்தர்றம்மா” என்றாள். அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. பானைக்குள் கை விட்டேன்.

“இன்னிக்கு மத்தியானந்தான் வந்துச்சு. நாளைக்குக் காலையில போகணும்” என்று இவரிடம் நீட்டினேன்.

இவர் கடிதத்தையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். கடிதத்தில் ஒட்டியிருந்த தவிட்டைத் தட்டிவிட்டு, “ஏழு மணிக்குக் கிளம்பிருவோம்” என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. பெரிய நிம்மதி. அவ்வளவு சுலபமாக நம்பிவிட்டாரே மனுஷர் என்று கொஞ்சம் இளக்காரமும் வந்தது.

இங்கே ஒரு சாக்கு மூட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு வருடமாக எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு இரும்புத் தண்டு கிடந்தது. கை நீளத்துக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு முனையிலும் ஓட்டை போட்ட பட்டை, பட்டைக்குள் ஒரு மூட்டு. கிரீஸ் வழியும். என்னவென்று கேட்டால், “அது ஸ்பேர். கெடக்கட்டும்” என்பார். வடகத் துணி பறக்காமல் இருக்க அதைத்தான் மேலே வைப்பேன். ஒரு நாள் அதன் கிரீஸ் என் சுங்குடிச் சேலையில் அப்பிவிட்டது. வந்த கோபத்தில், ஓட்டை விழுந்த குண்டான், உடைந்த அரிவாள்மணை எல்லாவற்றோடும் சேர்த்து அதையும் சாக்கில் கட்டி ஜீப்பின் பின்னால் ஏற்றி, “பழைய இரும்புக் கடையில எடைக்குப் போட்டுட்டு வாங்க” என்றேன். பத்து நாளாக, “கடை பூட்டியிருந்துச்சு” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மூட்டை ஜீப்பிலேயே கிடந்து ஒவ்வொரு வளைவிலும் கடமுடவென்று உருண்டது. சரிபார்ப்புக்குப் போகும் காலையிலும் உருண்டது.

இரவெல்லாம் பெய்த மழை காலையில் விட்டிருந்தது. மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு ஏழு மணிக்குக் கிளம்பினோம். சான்றிதழ்களை எல்லாம் உர மூட்டையின் உள்பையில் போட்டுச் சுருட்டி மடியில் வைத்திருந்தேன். பாதி தூரத்தில் வாய்க்கால் கரை உடைந்து பாதையின் குறுக்கே சேற்றைக் கொண்டுவந்து கொட்டியிருந்தது. இருபது முப்பது அடிதான். அதைத் தாண்டிவிட்டால் மேடு, மேட்டிலிருந்து கெட்டியான தரை. இவர் வேகமாக விட்டார். நடுவில் வந்ததும் வண்டி குண்டியைக் கீழே போட்டு உட்கார்ந்துகொண்டது. முன் சக்கரங்கள் ஓரளவு இறுகிய மண்ணில் நின்றன. பின் சக்கரங்கள் மட்டும் உறுமி உறுமிக் குழி தோண்டின.

பக்கத்துக் கொடிக்கால்காரர் மண்வெட்டியோடு உடைப்பை அடைத்துக்கொண்டிருந்தவர் ஓடி வந்தார். இவருக்கு மாமன் மச்சான் முறை, எனக்கு அண்ணன் முறை. அகத்திக் கிளைகளை வெட்டி வந்து பின் சக்கரத்துக்கு அடியில் திணித்தார். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றி அத்தனையையும் அகத்திக்கீரைப் பொரியலாக்கி எங்கள் மேல் வீசியது. என் சேலை, அண்ணனின் முண்டாசு எல்லாம் பச்சை.

“ஏங்க, அந்தக் குட்டைக் கம்பியத் தள்ளுங்க!” என்று கத்தினேன். இதற்காகத்தானே அத்தனை வருடம் அந்தச் சொற்பொழிவைக் கேட்டேன்?

“இதோ, இதோ” என்று இவர் தள்ளினார். தள்ளியதை நான் பார்த்தேன். பாரம் குறைய நான் இறங்கி முன்னால் நின்றிருந்தேன். எஞ்சின் அலறியது. பின்னால் சேறு பறந்தது. என் முழங்காலுக்கு எதிரில் இருந்த முன் சக்கரம் மூலைப் பிள்ளையார் மாதிரி அசையாமல் இருந்தது. அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். அதுவும் அசையவில்லை.

அண்ணனும் பார்த்துவிட்டார். “மாப்ள, நாலு சக்கரமும் சுத்தும்னு சொன்னீக? ரெண்டுதான சுத்துது?”

இவர் எஞ்சினை நிறுத்தினார். ஸ்டீரிங்கைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிறகு, யாரிடமோ சொல்வது போல், “அதைக் கழட்டி ரெண்டு வருஷம் ஆச்சு” என்றார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவரை அன்றுதான் நேரில் பார்த்தேன். விஷயம் இதுதான். எஞ்சின் பலத்தை முன் அச்சுக்குக் கொண்டுபோக வண்டிக்கு அடியில் ஒரு தண்டு உண்டு. அது சும்மா சுற்றினாலும் டீசல் கொஞ்சம் அதிகமாகக் குடிக்கும் என்று திருப்பரங்குன்றத்து மெக்கானிக் ஒருவர் சொல்லியிருக்கிறார். என் அப்பா சொன்ன நாலு வாய்ப் பேச்சு ஏற்கெனவே இவருக்குள் முள்ளாகக் கிடந்திருக்கிறது. கழற்றச் சொல்லிவிட்டார். கழற்றியதை வெளியில் சொன்னால் இத்தனை வருடப் பெருமை போய்விடுமே? அதனால் கம்பியைத் தள்ளுவதும் சொற்பொழிவும் மட்டும் தொடர்ந்து நடந்திருக்கின்றன. இரண்டு வருடமாக மழை குறைவு, பெரிய சேறு எதுவும் குறுக்கே வரவில்லை, தப்பித்தார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. “இம்புட்டு நாளு என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீகளா? வீட்டுக்குள்ள இருக்குறவகிட்டயே மறைக்கிற மனுஷன எதை நம்பி நான் வண்டியில ஏறுறது? நான் இத்தனை வருஷம் காத்திருந்ததெல்லாம் இந்தச் சேத்துல கெடக்கு, தெரியுமா உங்களுக்கு?” என்று கத்தினேன். அண்ணன் உடைப்பை அடைக்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அரிசிப் பானை எனக்கு நினைவு வராமல் இல்லை. வந்தது. வந்ததால் இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கத்தினேன்.

நடந்துபோகலாமா என்று யோசித்தேன். ரோட்டுக்கு ஒரு மைல். ஆனால் மதுரை ரோட்டுத் தரைப்பாலத்தில் தண்ணீர் போவதால் பஸ் எல்லாம் முந்தின நாளே நின்றுவிட்டது என்று அண்ணன் சொன்னார். ஜீப் மாதிரி உயரமான வண்டி மட்டும் மெதுவாகத் தாண்டலாமாம். அப்படியானால் எனக்கு இந்த ஜீப்பை விட்டால் வேறு வழி இல்லை. மணி எட்டாகிவிட்டது.

“அந்தத் தண்டு இப்ப எங்க?” என்றேன்.

இவர் வண்டியின் பின்பக்கம் போய்ச் சாக்கு மூட்டையை அவிழ்த்தார். ஓட்டைக் குண்டான் உருண்டு வந்தது. அதற்குப் பின்னால் என் வடகத் துணிக்குப் பாரமாக இருந்த இரும்பு வந்தது.

எடைக்குப் போடச் சொல்லி நான் பத்து நாளாக நச்சரித்தது இதைத்தான். “கடை பூட்டியிருந்துச்சு” என்ற பொய் மட்டும் இல்லாவிட்டால் அது இந்நேரம் எங்கேயோ உருகியிருக்கும். கோபத்துக்கு நடுவில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததை அவர் பார்க்காதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஆனால் சிரிப்பு நிலைக்கவில்லை. தண்டு இருக்கிறது, மாட்டுவதற்குப் போல்ட் இல்லை. ஒவ்வொரு முனைக்கும் நாலு, ஆக எட்டு. எட்டும் வீட்டில் ஒரு டால்டா டப்பாவுக்குள் இருக்கின்றன. போய் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பிறகு மாட்ட வேண்டும். பதினோரு மணிக்குள் மதுரை என்பது நடக்காத காரியம். இவர் சேற்றில் குந்தி உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். அந்தக் கோலத்தில் பார்த்தபோது கோபம் கொஞ்சம் இறங்கியது.

“பின்னாடி சக்கரத்துக்கும் இதே மாதிரித் தண்டு இருக்குமில்ல? அதுல எத்தனை போல்ட்டு?”

“அதுலயும் எட்டு.”

“அளவு?”

“ஒரே அளவுதான்.”

“ஒரு முனைக்கு நாலும் கட்டாயம் வேணுமா? ரெண்டு இருந்தா நிக்காதா?”

இவர் நிமிர்ந்து பார்த்தார். “எதிரெதிரா ரெண்டு போட்டா நிக்கும். உருட்டிக்கிட்டுத்தான் போகணும். வேகமாப் போனா அறுத்துக்கும்.”

“அப்பப் பின்னாடி இருக்கிற எட்டுல நாலு எடுத்து முன்னாடி போடுங்க. முன்னுக்கு நாலு, பின்னுக்கு நாலு. முனைக்கு ரெண்டு.”

அண்ணன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, “மாப்ள, தங்கச்சிக்கு வேலை குடுக்காட்டி அந்த ஆபீசையே மூடிரலாம்” என்றார்.

வேலை தொடங்கியது. வாய்க்கால் மதகுக்குப் போட்டிருந்த பலகையைக் கொண்டுவந்து அண்ணன் ஜாக்கிக்கு அடியில் வைத்தார். பின்பக்கம் ஒரு சாண் உயர்ந்தது. சக்கரக் குழிகளில் கல்லைப் போட்டு நிரப்பினார். இவர் சட்டையைக் கழற்றிவிட்டு மல்லாக்கப் படுத்து வண்டிக்கு அடியில் ஊர்ந்தார். கழற்றுகிற ஒவ்வொரு போல்ட்டையும் நட்டையும் வெளியே நீட்டுவார். சேற்றில் விழுந்தால் தேட முடியாது. நான் வாங்கி, முந்தானையில் துடைத்து, முடிந்து வைத்துக்கொள்வேன். முதல் போல்ட் லேசில் வரவில்லை. ஸ்பேனர் வழுக்கி இவர் விரல் முட்டியைப் பெயர்த்தது. ரத்தத்தைச் சேற்றிலேயே துடைத்துக்கொண்டு மறுபடி திருகினார். நாலும் என் முந்தானைக்கு வந்து, நாலும் முன்பக்கம் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதே கால். அந்த ஒரு மணி நேரமும் நாங்கள் “குடு”, “இந்தாங்க” என்பதைத் தவிர வேறு எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

இவர் ஏறி உட்கார்ந்தார். குட்டைக் கம்பியைத் தள்ளினார். அதுவரை காற்றில் போவது போலப் போய்க்கொண்டிருந்த கம்பி, அன்று அடியில் எதையோ கவ்விக்கொண்டு விழுந்தது. எனக்கே கேட்டது. கிளட்சை மெதுவாக விட்டார். நான் முன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு டயரில் ஒட்டியிருந்த ஒரு அகத்தி இலை கீழே போனது. மறுபடி மேலே வந்தது. முன் சக்கரம் சுற்றுகிறது! வண்டி முன்னால் எட்டி மண்ணைப் பிடித்து, பின்னால் கிடந்ததை இழுத்துக்கொண்டு, பொரியலும் சேறுமாக மேட்டில் ஏறி நின்றது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். நெஞ்சிலிருந்து ஒரு அம்மிக்கல்லை இறக்கி வைத்தது போல் இருந்தது.

“அழுகுறதுக்கு நேரம் இல்ல டீச்சர், ஏறு” என்றார் இவர்.

தார் ரோட்டில் ஏறியதும் கம்பியைப் பழையபடி இழுத்துவிட வேண்டும். சேற்றில் நாலும் சேர்ந்து இழுக்கலாம். தாரில் அப்படி ஓட்டினால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும், இருக்கிற இரண்டிரண்டு போல்ட்டும் அறுந்துவிடும். ஆனால் கம்பி வரவில்லை. வளைவில் திரும்பியபோதே முறுக்கிக்கொண்டுவிட்டது. இவர் இரண்டு கையாலும் இழுத்தார். நானும் சேர்ந்து இழுத்தேன். ம்ஹும். பிறகு இவர் வண்டியை நிறுத்தி, வந்த வழியே பின்னுக்கு எடுக்க ஆரம்பித்தார்.

“மதுரை அங்கிட்டு இருக்கு!” என்றேன்.

“பின்னாடி கொஞ்சம் போனாத்தான் முறுக்கு விடும். பேசாம இரு.”

பத்தடி பின்னால் போனதும் அடியில் ‘டக்’ என்றது. கம்பி விரலாலேயே வந்துவிட்டது. இதையும் சொற்பொழிவில் சேர்த்திருக்கலாமே என்று கேட்டேன். தரைப்பாலத்தில் தண்ணீர் சக்கரத்தின் பாதிக்கு ஓடியது. ஊர்ந்து தாண்டினோம். அதன் பிறகு மதுரை வரை மாட்டுவண்டியை முந்துவதற்குக் கூட யோசித்து யோசித்து ஓட்டினார்.

அலுவலகத்துக்குள் நான் நுழைந்தபோது பதினொன்றுக்கு ஆறு நிமிடம். வெளிக்குழாயில் கால் கழுவியதில் செருப்பு மட்டும்தான் சுத்தமானது. வரிசையில் நின்ற பெண்கள் எனக்கு வழிவிட்டது மரியாதையால் அல்ல. மேசைக்குப் பின்னால் இருந்த பெரியவர் என் சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பி.எட். சான்றிதழின் ஓரத்தில் நின்றார். என் கட்டைவிரல் ரேகை கிரீஸில் அச்சாகப் பதிந்திருந்தது.

“என்னம்மா, பி.எட். படிச்சுட்டுக் கைநாட்டு வச்சிருக்கீங்க?”

வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். ஜீப்பு, சேறு, போல்ட் என்று நான் உளறியதைக் கேட்டுவிட்டு, அவர் பச்சை மையால் என் பெயருக்கு எதிரில் ஒரு டிக் போட்டார். “போயிட்டு வாங்கம்மா. உத்தரவு தபால்ல வரும்” என்றார். அந்த டிக்கை நான் இன்றைக்கும் வரைந்து காட்டுவேன். கால் கொஞ்சம் குட்டை, கை நீளம்.

வெளியே வந்தபோது இவர் வண்டிக்கு அடியில் படுத்துப் போல்ட்டுகளை முடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு ஓட்டலில் சாப்பிட்டோம். இவர் விரல் முட்டி வீங்கியிருந்ததால் சாம்பார்ச் சோற்றை ஸ்பூனால் சாப்பிட்டார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அரிசிப் பானை உறுத்தியது. திரும்பும் வழியில், மண் பாதையில் இறங்கி அந்தச் சேற்றுக்கு முன்னால் வண்டியை நிறுத்தியபோது சொல்லிவிட்டேன்.

“அந்தக் கடிதாசி நேத்து வரலைங்க. நாலு நாளைக்கு முன்னாடியே வந்துருச்சு.”

“தெரியும்” என்றார்.

“எப்பிடி?”

“தபால்காரர் டீக்கடையில எங்கிட்டத்தான் குடுத்தாரு. வெயிலுக்கு நேராத் தூக்கிப் பிடிச்சுப் பார்த்தேன், உள்ள இருக்கிறது தெரிஞ்சுச்சு. உன் பேருக்கு வந்தது, உன் கையிலயே குடுங்கன்னு அவரை அனுப்பிவச்சேன்.”

“அப்ப ஏன் கேக்கலை?” என்றேன்.

“கேட்டா, வேலைக்குப் போன்னு தள்ளுற மாதிரி ஆகிரும். போக வேணாம்னு நீ நினைச்சிருந்தா? அதான் நீயாச் சொல்லட்டும்னு இருந்தேன்.” கறுப்பு உருண்டையைத் தடவிக்கொண்டே சொன்னார். “மழை வேற பெய்யுது, தண்டை மாட்டிரலாம்னுதான் மூட்டையை வண்டியிலயே வச்சிருந்தேன். மாட்டுனா, எதுக்கு மாட்டுறீகன்னு கேப்ப. அப்பக் கழட்டுனதையும் சொல்லணும், கடிதாசியப் பார்த்ததையும் சொல்லணும். நீ சொன்னப்ப ராத்திரியாகிப் போச்சு.”

ஆக, நான் வாயைத் திறந்திருந்தால் தண்டு மாட்டியிருக்கும். இவர் வாயைத் திறந்திருந்தால் எனக்கு மூன்று நாள் தூக்கம் போயிருக்காது. இரண்டு பேரும் சேர்ந்துதான் வண்டியைச் சேற்றில் இறக்கியிருக்கிறோம். காலையில் நான் போட்ட சத்தத்தை எல்லாம் இதைத் தெரிந்துகொண்டேதான் இந்த மனுஷர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெட்கமாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது. ஆறுதல்தான் அதிகம்.

“நீயே தள்ளு” என்று குட்டைக் கம்பியைக் காட்டினார். தள்ளினேன். கவ்வியது. நாலு சக்கரமும் இழுக்க, அந்தச் சேறு ஒன்றுமில்லாமல் போனது.

மறுநாளே டால்டா டப்பா வந்து எல்லா முனைக்கும் நாலு நாலாகப் போல்ட் மாட்டப்பட்டது. டீசலுக்காகத் தண்டைக் கழற்றும் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

தை மாதம் ஒரு நாள், நான் வெற்றிலைக் கூடை கட்டிக்கொண்டிருந்தேன். இவர் டீக்கடையிலிருந்து அரக்கப் பரக்க வந்து ஒரு அரசாங்கக் கவரை என் மடியில் போட்டார். தூரத்தில் போய் நின்று, ஒன்றும் தெரியாதவர் மாதிரி அகத்தி மரத்தை அண்ணாந்து பார்த்தார். கவர் ஒட்டியபடியே இருந்தது, ஓரம் கூடக் கிழியவில்லை. நான் அதைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, “எந்த ஊரு போட்டிருக்கு?” என்று கேட்டேன்.

“நாகமலை புதுக்கோட்டை” என்று சட்டென்று சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டார்.